சுவருக்கு வந்த வருத்தம்

1. முறைப்பாடு

“பிள்ளை, எனக்கு ஈரல்ல வருத்தமாம். கனடாவில சொல்லுகினம்.”

பெயின்ற் கடைக் கவுண்டரில் நின்று கேட்பதற்கு இது புதுவிதமான முறைப்பாடு. வழக்கமாக வருபவை வேறு. காய்ந்ததும் நிறம் கருத்துவிட்டது, ரோலர் மயிர் கொட்டுகிறது, ஒட்டிய டேப்பை இழுத்தால் சுவரும் கூடவே வருகிறது. இவற்றுக்கெல்லாம் என்னிடம் பதில் இருந்தது. ஈரலுக்கு எந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்று முதலாளி கிர்ஸ்டன் எனக்குக் காட்டித் தரவில்லை.

கடை டென்மார்க்கில், ஹேர்னிங் நகரத்தில். பெயின்ற், சுவர்த்தாள், விளக்கு, கதவுக் கைப்பிடி, கொஞ்சம் தரைப்பலகை. நான் ஓர்ஹூஸில் உள்ளக வடிவமைப்புப் படித்துவிட்டு, ஓர் அலுவலகத்தில் ஒரு குளிர்காலம் முழுவதும் கணினியில் பிளக் பொயின்ற் வரைந்துகொண்டிருந்தேன். யாரோ ஒருவரின் வீட்டில் யாரோ ஒருவர் பூட்டப்போகும் பிளக் பொயின்ற். பொறுமை போய், மனிதர்கள் உள்ளே வந்து சண்டை பிடிக்கும் ஓர் இடம் தேடி இந்தக் கடைக்கு வந்தேன். அம்மா இன்றைக்கும் உறவினர்களிடம் ‘மகள் டிசைனர்’ என்றுதான் சொல்கிறார். பொய்யில்லை. வாளி தூக்கும் டிசைனர்.

போனில் பேசியவர் வசந்தா அன்ரி. முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர். கணவர் சிவநேசன் அங்கிளுக்குத் தளபாடத் தொழிற்சாலையில் வேலை. ஒரே மகன் பிரவீன் வைலேயில் ஒரு லொறிக் கம்பனியின் அலுவலகத்தில் இருக்கிறான். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் எனக்குப் பக்கத்து வாங்கில் இருந்தவன். அன்ரி அன்றைக்கு அழைத்தது ஈரலைப் பற்றிச் சொல்ல அல்ல. படுக்கையறைக்கு ஓடர் கொடுத்திருந்த பெயின்ற் இனி வேண்டாம் என்று சொல்லத்தான். ஏன் அன்ரி என்று கேட்டதற்குத்தான் ஈரல் வந்தது.

இதில் எனக்கு விளங்காத விடயம் ஒன்று இருந்தது. போன கிழமைதான் அன்ரி கடைக்கு வந்து, இருபது நிமிடம் நின்றபடி தன் மேலதிகாரியைத் திட்டிவிட்டுப் போயிருந்தார். அவ்வளவு தெம்பான ஒரு நோயாளியை நான் கண்டதில்லை.

2. பச்சை

அந்த வீட்டு ஹோலுக்கு நிறம் தேர்ந்துகொடுத்தது நான். அந்தக் கதையை முதலில் சொல்லவேண்டும்.

தொழிலுக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு ஓர் இரகசியம். எங்கள் சனம் பெயின்ற் கடைக்குள் கால் வைத்ததும் வேறு மனிதர்களாகிவிடும். “நாங்கள் வீட்டில பெரிசாச் சமைக்கிறதில்லை” என்பார்கள். வந்த அத்தனை தமிழ்க் குடும்பங்களும் எனக்கு இதைச் சொல்லியிருக்கின்றன. அதை நம்பிக் குசினிக்குத் துடைக்கமுடியாத மேட் பெயின்ற் கொடுத்தால், அடுத்த மாதமே அடுப்புக்குப் பின்னால் மஞ்சளில் ஓர் உலகப்படம் வரைந்திருக்கும். அதனால் நான் நேராகக் கேட்பதில்லை. “உங்கட பெரிய சட்டி என்ன சைஸ் அன்ரி?” என்பேன். வாய் பதில் சொல்வதற்கு முதலே கை இரண்டும் விரியும். அந்த அகலத்தைப் பார்த்துவிட்டு, துடைக்கக்கூடிய வாளியை எடுத்துவருவேன்.

இங்கே பெயின்ற் வாளியில் ‘கிளான்ஸ்’ என்று ஓர் எண் போட்டிருக்கும். ஐந்து என்றால் மினுக்கமே இராது. இருபத்தைந்து என்றால் ஈரத்துணியால் துடைக்கலாம், ஆனால் சுவரில் உள்ள ஒவ்வொரு மேடும் பள்ளமும் ஊருக்குத் தெரியும். டெனிஷ்காரருக்கு ஐந்து பிடிக்கும். எங்களவருக்கு இருபத்தைந்து. என் வேலையில் பாதி இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் ஓடித்திரிவதுதான்.

வசந்தா அன்ரி வீட்டில் பிரச்சினை அப்படியே தலைகீழாக இருந்தது. அவருக்குத் தன்னோடு வேலை செய்யும் ஒரு டெனிஷ் பெண்ணின் வீட்டில் கண்ட பச்சை வேண்டும். சாம்பல் கலந்த, மினுக்கமில்லாத பச்சை. காய்ந்த கறிவேப்பிலையைப் பாலில் போட்டு ஊறவிட்டால் ஒரு நிறம் வருமே, அது. அங்கிளுக்குப் பழையபடி கிரீமும் மினுக்கமும் வேண்டும். அதைவிட முக்கியமாக வெளிச்சம் வேண்டும். டெனிஷ்காரர் விளக்கை மேசைக்கு மேலே தாழ்வாகத் தொங்கவிடுவார்கள். அயல்வீட்டில் ஒருமுறை அப்படித் தொங்கிய விளக்கில் அங்கிள் நெற்றியை இடித்துக்கொண்டார். அன்றிலிருந்து தொங்கும் விளக்குகள் எல்லாவற்றுக்கும் அவர் எதிரி.

“இருட்டுக்க இருந்து சாப்பிடுறதுக்கோ நான் இவ்வளவு தூரம் வந்தனான்?” என்று என்னிடமே கேட்டார்.

பேச்சுவார்த்தை முடிவில் நீண்ட சுவர் அன்ரிக்குப் போனது: பச்சை, கிளான்ஸ் ஐந்து. மற்றச் சுவர்கள் வெள்ளை. கூரை அங்கிளுக்குப் போனது: சோபாவுக்கு நேர் மேலே வரிசையாக ஸ்பொட் விளக்குகள், மின்சாரக்காரரைக் கூப்பிட்டுப் பூட்டியது. பெரிய அட்டையில் பச்சையை அடித்து, காலை, மத்தியானம், பின்னேரம் என்று சுவர் சுவராக மாற்றி வைத்துப் பார்க்கச் செய்தேன். எல்லாவற்றையும் புத்தகத்தில் உள்ளபடி செய்தேன். முடிந்ததும் படம் எடுத்துக் கிர்ஸ்டனுக்குக் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு, அவ்வளவு மோசமில்லை என்றார். எங்கள் ஜூட்லாண்டுப் பக்கத்தில் இதற்கு மேல் பாராட்டு இல்லை. அன்றைக்கு நான் வீட்டுக்குப் போனது நடந்தல்ல, மிதந்து.

3. நோய் பரவியது

அன்ரி போனில் சொன்னதையும் பிறகு பிரவீன் சொன்னதையும் சேர்த்தால், நடந்தது இது.

முதலில் கண்டுபிடித்தவர் ரொறன்ரோவில் இருக்கும் அன்ரியின் மூத்த சகோதரி மலர். ஒவ்வொரு பின்னேரமும் இருவரும் வீடியோவில் கதைப்பார்கள். பெயின்ற் காய்ந்த கிழமையே, “என்னடி, கண்ணெல்லாம் உள்ளுக்க போட்டுது?” என்று கேட்டிருக்கிறார். நித்திரை இல்லாததாக இருக்கும் என்று அன்ரி சொன்னார். அடுத்த நாள் முகம் பச்சையாகத் தெரிகிறது என்றார் மலர். மூன்றாம் நாள் நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு கீழ் இமையை இழுத்துப் பிடித்துக் கமெராவுக்குக் காட்டும்படி உத்தரவு.

மலரிடமிருந்து செய்தி பாரிஸில் உள்ள உறவினருக்குப் போனது. பாரிஸிலிருந்து யாழ்ப்பாணம் போனபோது, மனிசியின் கண்ணும் உடம்பும் மஞ்சளாகிவிட்டது, செங்கமாரி என்று ஆகிவிட்டது. யாழ்ப்பாணத்தில் அன்ரியின் சித்தி அர்ச்சனை செய்தார். ஹொல்ஸ்டெப்ரோவில் இருக்கும் பெந்தெகொஸ்தே சிநேகிதி வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பெயர் சொல்லி ஜெபித்தார். யாரோ ஈரலுக்கு நல்லதென்று தபாலில் கீழ்க்காய்நெல்லி அனுப்பியிருந்தார்கள், காயவைத்து, நூலால் கட்டி. இரண்டு சமயங்களும் ஒரு மூலிகையும் சேர்ந்து ஒரு பழுதில்லாத ஈரலைக் குணமாக்கிக்கொண்டிருந்தன.

அன்ரிக்கே பயம் பிடித்துவிட்டது. வைத்தியரிடம் போனார். இரத்தம் சோதித்தார்கள். எல்லாம் சரி என்று வந்தது. அந்தப் பெறுபேற்றைப் படம் பிடித்து மலருக்கு அனுப்பினார். உங்கள் ஊர் டொக்டர்மார் தலையிடிக் குளிசையைத் தவிர வேறென்ன கண்டார்கள் என்று பதில் வந்தது. சிவநேசன் அங்கிள் மட்டும் அசையவில்லை. ஈரல் நோயாளி இப்படிச் சாப்பிடமாட்டார் என்பது அவருடைய வாதம். அதை அவர் சத்தமாகச் சொன்னதால் வீட்டில் இரண்டு நாட்கள் கதைபேச்சு இருக்கவில்லை.

இது இவ்வளவோடு நின்றிருந்தால் வெறும் பகிடி. ஆனால் பிரவீனுக்கு லண்டனில் அபிநயா என்று ஒரு பெண். நண்பன் ஒருவனின் கலியாணத்தில் சந்தித்து, இருவரும் தங்களுக்குள் முடிவெடுத்துவிட்டார்கள். பெரியவர்கள் முதல்முறையாக முகம் பார்த்துக் கதைப்பது மட்டும்தான் மிச்சம். அது வரும் ஞாயிறு, வீடியோவில். செங்கமாரி லண்டனுக்கும் போய்ச் சேர்ந்தது. அபிநயாவின் தாய் ராணி அன்ரியிடமிருந்து மிகவும் மரியாதையான ஒரு செய்தி வந்தது: பெடியனின் அம்மாவுக்கு முதலில் சுகமாகட்டும், பிறகு ஆறுதலாகக் கதைப்போம்.

எங்கள் பாஷையில் ‘பிறகு ஆறுதலாக’ என்றால் ‘வேண்டாம்’ என்று அர்த்தம். வருத்தம் இருக்கிறது என்பதைவிட, வருத்தத்தை மறைக்கிறார்கள் என்பதுதான் அவர்களுக்கு உறுத்தியிருக்கிறது. இல்லாத வருத்தத்தை ஒருவர் எப்படி ஒப்புக்கொள்வது?

4. தட்டு

“அன்ரி, போனை வைச்சிட்டு வீடியோவில எடுங்கோ. வழமையா மலர் அன்ரியோட கதைக்கிற இடத்தில இருந்து எடுங்கோ,” என்றேன்.

எடுத்தார். நான் ஓரடி பின்னால் போனேன். கண் இரண்டும் குழி. கன்னம் பாசி பிடித்த மாதிரி. தலைக்குப் பின்னால் வெள்ளைச் சுவர் பளீரென்று இருக்க, முகம் கருத்துக் களைத்திருந்தது. என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த கிர்ஸ்டன் குரலைத் தாழ்த்தி, இந்தப் பெண்ணுக்கு வீட்டில் துணைக்கு யாராவது இருக்கிறார்களா என்று டெனிஷில் கேட்டார். அன்ரிக்கு டெனிஷ் நன்றாகவே விளங்கும்.

அப்போதுதான் எனக்கு மண்டையில் ஏறியது. சோபாவுக்கு எதிரே இருப்பது என் பச்சைச் சுவர். மே மாதம். ஒன்பது மணிவரை வெயில். மேற்கு யன்னலால் வரும் பின்னேர வெயில் சோபாவுக்குப் பின்னால் உள்ள வெள்ளைச் சுவரில் நேராக அடிக்க, அன்ரியின் முகத்துக்குக் கிடைப்பது பச்சைச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் மட்டும். மேலே அங்கிளின் ஸ்பொட் விளக்குகள் நேராக உச்சந்தலையில் அடித்து, கண்களைக் குழியாக்குகின்றன. பின்னால் உள்ள வெள்ளையைப் பார்த்த போன், அறையில் வெளிச்சம் கூடிவிட்டது என்று நினைத்து எல்லாவற்றையும் இருட்டாக்குகிறது. பச்சை, குழி, கறுப்பு. ஒரு செங்கமாரிக்கு வேண்டிய அத்தனையும் அந்த ஹோலில் இருந்தன. வீட்டுக்கு நேரில் வந்த அனைவரும் சுவர் வடிவு என்று சொன்னார்கள். ஆனால் அந்த வீட்டுக்கு நேரில் வருகிறவர்களைவிட வீடியோவில் வருகிறவர்கள்தான் கூட.

சட்டியின் அளவைக் கேட்ட எனக்கு, போன் எங்கே நிற்கும் என்று கேட்கத் தோன்றவில்லை.

சனிக்கிழமை கடை பூட்டியதும் நேரே அவர்கள் வீட்டுக்குப் போனேன். பிரவீன் வாசலிலேயே நின்றான். ஞாயிற்றுக்கிழமைக் கதையை நிறுத்தாதே, ஐந்து நிமிடமாவது நடக்கட்டும் என்று அபிநயாவிடம் கெஞ்சி வாங்கியிருந்தான். அந்த ஐந்து நிமிடத்தில் அம்மா நோயாளியாகத் தெரிந்தால் எல்லாம் முடிந்தது என்று டெனிஷில் சொன்னான். தமிழில் சொன்னால் அழுதுவிடுவான் போல இருந்தது.

அன்ரியைச் சோபாவில் இருத்தி, குசினியிலிருந்து ஒரு வெள்ளைச் சாப்பாட்டுத் தட்டை எடுத்துவந்து, கன்னத்தோடு சேர்த்துப் பிடிக்கச் சொன்னேன். போனைத் திருப்பி அவருக்கே காட்டினேன். தட்டும் பச்சையாக இருந்தது. அன்ரி தட்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி தட்டைப் பார்த்தார்.

அங்கிள் வாசற்படியில் நின்றபடி சொன்னார்: “தட்டுக்கும் செங்கமாரிதான். அதுக்கும் ஒரு அர்ச்சனை செய்யச் சொல்லுவமே?”

இரண்டு நாள் கதைபேச்சில்லாத வீட்டில் அன்ரி சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. நல்லகாலம், மலர் அப்போது லைனில் இல்லை.

5. டிவி

அன்ரியின் முடிவு உடனடியானது. பச்சை வேண்டாம், இரவிரவாகப் பழைய கிரீமையே அடித்துவிடு. நான் மாட்டேன் என்றேன். முதல் காரணம், பெயின்ற் அடித்து மூன்று கிழமை ஆகவில்லை. திடீரென்று சுவர் நிறம் மாறினால், வருத்தத்துக்குப் பரிகாரம் செய்கிறார்கள் என்றோ வீட்டை விற்கப் போகிறார்கள் என்றோ ரொறன்ரோவில் புதுக் கதை கிளம்பும். இரண்டாவது காரணம், அது நல்ல பச்சை. அதை நான் விட்டுக்கொடுக்கப்போவதில்லை. இன்றைக்கும் இல்லை.

வழி மிகவும் எளிது. சோபாவைத் தூக்கி மற்றப் பக்கம் வைக்கவேண்டும். பச்சை முதுகுக்குப் பின்னால் போனால், போன் மிரளாமல் முகத்துக்கு வெளிச்சம் கொடுக்கும். வெள்ளைச் சுவர் எதிரே வந்தால், வெயில் அதில் பட்டுச் சுத்தமான வெளிச்சமாக முகத்துக்குத் திரும்பும். ஸ்பொட்டை நிறுத்திவிட்டு, பக்கத்தில் துணிமூடி போட்ட ஒரு நிலைவிளக்கு. பல்ப் பெட்டியில் ‘Ra’ என்று ஓர் எண் இருக்கும், நிறங்களை உள்ளபடி காட்டும் திறன் அது. தொண்ணூறுக்கு மேல் இருந்தால் மனித முகம் மனித முகமாக இருக்கும். அப்படி ஒன்றைக் கிர்ஸ்டனிடம் சொல்லிக் கடையிலிருந்து கொண்டுவந்திருந்தேன்.

ஆனால் பச்சைச் சுவரில் அங்கிளின் டிவி இருந்தது.

சோபாவும் டிவியும் இடம் மாறவேண்டும் என்று நான் சொன்னதும் அங்கிளின் முகத்தில் வந்த நிறத்துக்கு எங்கள் கடையில் அட்டை இல்லை. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து டிவி அந்தச் சுவரில்தான். பழைய டிவி போய்ப் புது டிவி வந்ததும் அதே ஆணியில்தான். பெயின்ற் அடித்தபோதுகூட அதை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கழற்றி வைக்க அவர் விடவில்லை. மறுபக்கம் மாற்றினால் பின்னேர வெயில் நேரே திரையில் விழும், மட்ச் பார்க்கும்போது பந்து தெரியாது என்றார். உண்மைதான், விழும். சுவரில் ஓட்டை விழுமே, புதுப் பெயின்ற் வீணாகுமே என்று அடுத்ததைப் பிடித்தார்.

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. மினுக்கமுள்ள சுவரில் ஓர் ஓட்டையை அடைத்துத் தொட்டால், தொட்ட இடம் ஆயுளுக்கும் பொட்டு வைத்தமாதிரித் தெரியும். கிளான்ஸ் ஐந்தில் அடைத்து, உரசி, சின்னத் தூரிகையால் தொட்டால் அடித்தவருக்கே இடம் தெரியாது. அவர் கேட்ட கிரீம் மினுக்கத்தை நாங்கள் அடித்திருந்தால் இன்றைக்கு டிவியை அசைத்திருக்கவே முடியாது என்பதையும் சொல்லிவைத்தேன். அது கொஞ்சம் கூடிப்போய்விட்டது என்று அவர் பார்த்த பார்வையில் தெரிந்தது.

கதவோடு சாய்ந்து நின்ற பிரவீன் மெதுவாக, தமிழில், “அப்பா, பந்து வருசம் முழுக்க நடக்கும்,” என்றான்.

அங்கிள் ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தார். பிறகு கராஜுக்குப் போய் ஸ்குரூ ட்ரைவரை எடுத்துவந்தார். யன்னலுக்கு ஒரு மடிக்கிற திரை வாங்கித் தருவதாக அன்ரி பின்னால் நின்று சொன்னார். அவர் காதில் விழாதமாதிரியே கழற்றினார். ஆணி வைத்திருந்த இடங்களை அடைத்து, சுவரோரம் மிச்சமாயிருந்த வாளியிலிருந்து பச்சையைத் தொட்டுவிட்டேன். கிர்ஸ்டன் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்குத் தெரியும்.

6. ஞாயிறு

ஞாயிறு பின்னேரம் போனை நானே வைத்தேன். பழக்கூடையில் சாய்த்துக் கீழிருந்து மேலே பார்க்கவைப்பதுதான் அந்த வீட்டு வழக்கம். அதை எடுத்து, புத்தகங்களை அடுக்கிக் கண்மட்டத்துக்கு உயர்த்தினேன். அன்ரி மாம்பழ நிறச் சேலையில் இருந்தார். பின்னால் காய்ந்த கறிவேப்பிலைப் பச்சை. நிலைவிளக்கு பக்கத்தில் எரிந்தது. ஒத்திகைக்கு முதலில் மலரை எடுத்தோம். அவர் நீண்ட நேரம் பார்த்துவிட்டு, “கீழ்க்காய்நெல்லி வேலை செய்திருக்கு,” என்றார். நான் கமெராவுக்குப் பின்னால் தரையில் இருந்தேன், அன்ரியின் முகத்துக்கு வெளிச்சத்தைத் திருப்ப, கடையிலிருந்து கொண்டுவந்த வெள்ளை அட்டையை முழங்காலில் நிறுத்தி.

லண்டன் வந்தது. ராணி அன்ரி, அபிநயா, நடுவில் தகப்பன் குணம் அங்கிள். வணக்கம் சொல்லி முடியமுதலே எங்கள் பக்கத்து ஆட்கள் பயத்தில் உறைந்துவிட்டார்கள். குணம் அங்கிளின் முகம் சிவந்துபோய், இப்போதே எழும்பி யாரையாவது அடிக்கப்போகிறவர்போல இருந்தது. அவர் ‘நல்லா இருக்கிறியளோ’ என்று கேட்டதே மிரட்டல்போல விழுந்தது. சிவநேசன் அங்கிள் பல்லைக் கடித்துக்கொண்டு, உதடு அசையாமல், “மனிசன் எங்களில கோவமா இருக்கிறார்,” என்று முணுமுணுத்தார். அன்ரியின் குரல் சின்னதாகிவிட்டது. இரண்டு பக்கமும் காலநிலை பற்றிக் கதைத்தார்கள். ஐந்து நிமிடத்தில் இரண்டு நிமிடம் மழைக்குப் போனது.

நான் மனிதரைப் பார்க்கவில்லை, ஓரத்தில் தெரிந்த சுவரைப் பார்த்தேன். வைன் சிவப்பு. மினுக்கம். பக்கத்தில் ஒரு மேசைவிளக்கு, சுவரை நோக்கித் திருப்பி வைத்தது. திரைச்சீலை முழுவதும் மூடியிருந்தது. அந்த வெளிச்சம் சிவப்பில் பட்டு நேராக அவர் கன்னத்துக்குத்தான் வருகிறது. எந்த மகாத்மாவையும் அந்தக் கதிரையில் இருத்தினால் அடிதடிக்காரராகத்தான் தெரிவார்.

பிரவீனின் காற்சட்டையை இழுத்தேன். மேசைவிளக்கை அணைத்துத் திரைச்சீலையைத் திறக்கச் சொல்லி அபிநயாவுக்கு எழுது என்று வாயசைத்தேன். ஏன் என்று புருவத்தால் கேட்டான். எழுது என்றேன். மேசைக்குக் கீழே எழுதினான். திரையில் அபிநயா குனிந்து எதையோ வாசித்தாள். ஒரு கணம் நெற்றி சுருங்கியது. எழும்பி, ஏதோ புழுக்கமாக இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு விளக்கை அணைத்தாள், திரைச்சீலையை இழுத்தாள். லண்டன் வெளிச்சம் உள்ளே வந்தது. குணம் அங்கிள் எங்கள் கண்முன்னாலேயே சிவப்பிலிருந்து மண்ணிறமானார், மண்ணிறத்திலிருந்து ஒரு சாதாரணத் தகப்பனானார்.

“இப்ப ஆறியிட்டார்,” என்றார் சிவநேசன் அங்கிள், மூச்சை விட்டு.

அதன்பிறகு கதை தானாக ஓடியது. அன்ரியின் குரல் திரும்பி வந்தது. குணம் அங்கிளின் ஊரும் சிவநேசன் அங்கிள் படித்த பள்ளியும் பக்கத்துப் பக்கத்தில் என்று தெரிந்தபோது ஐந்து நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது. கடைசியில் ராணி அன்ரி திரைக்குக் கிட்ட வந்து, வசந்தா அன்ரியை நன்றாகப் பார்த்தார்.

“எங்களுக்கு வேற மாதிரிச் சொல்லிச்சினம். நீங்கள் என்னைவிட நல்லா இருக்கிறியள். ஆடி லீவில வாறம், நேரில கதைப்பம்.”

என் முழங்கால் மரத்துப்போயிருந்தது. வெள்ளை அட்டையை அதுவரை இறக்கவில்லை.

7. பாடம்

இந்தத் தொழிலில் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். நிற அட்டையை விரிக்கமுதல் ஆட்கள் எங்கே இருப்பார்கள், எந்தப் பக்கம் பார்ப்பார்கள், போன் எங்கே நிற்கும் என்று கேளுங்கள். ஒரு வெள்ளைத் தட்டைக் கன்னத்தோடு பிடித்துப் பாருங்கள். கருவி வாங்கத் தேவையில்லை, தட்டு எல்லா வீட்டிலும் இருக்கிறது. சுவர் நல்லதா கெட்டதா என்பது அதற்கு எதிரே யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. இதைக் கிர்ஸ்டனிடம் சொன்னேன். அடுத்த நாள் கவுண்டருக்குக் கீழே ஒரு வெள்ளைத் தட்டு இருந்தது.

இத்தோடு முடித்திருந்தால் நான் ஒரு கெட்டிக்காரியாக நின்றிருப்பேன். ஆனால் ஆடியில் லண்டன்காரர் வந்தார்கள்.

குணம் அங்கிள் விமான நிலையத்தில் கார் வாடகைக்குக் கொடுத்தவரோடு சண்டை. வழிசொல்லும் போனோடு சண்டை. ஹேர்னிங்கில் பார்க்கிங் மெசினோடு சண்டை. டெனிஷ்காரரின் கறுப்புப் பாண் துண்டு ஒன்றைக் கையில் எடுத்து, இது என்ன பலகையா என்று அதனோடும் ஒரு சண்டை. சத்தம் போட்டு முடிந்ததும் சிரிப்பார், எல்லாவற்றையும் விருப்பத்தோடு சாப்பிடுவார், நல்ல மனிதர்தான். இப்போது மகளின் கலியாண மண்டபக்காரரோடு சண்டை பிடித்து எல்லா வேலையையும் நேரத்துக்கு முடித்துக்கொண்டிருப்பதும் அவர்தான். ஆனால் பார்த்த முதல் மணித்தியாலத்தில் எங்களுக்கு ஒன்று விளங்கிவிட்டது: அந்தச் சிவப்புச் சுவர் பொய் சொல்லவில்லை.

சிவநேசன் அங்கிள் என்னைக் குசினிப்பக்கம் கூப்பிட்டார். “அண்டைக்கு அந்தத் திரைச்சீலையைத் திறப்பிச்சது நீதானே?”

ஓம் என்றேன்.

“மூடினபடியே விட்டிருக்கலாம். ஒரு ஆயத்தமா இருந்திருப்பன்.”

வெளியே குணம் அங்கிள் இறைச்சி சுடும் அடுப்பைப் பற்றவைக்கும் முறை பற்றிப் பிரவீனுக்கு உரத்த குரலில் விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். ராணி அன்ரி ஹோலில் பச்சைச் சுவருக்கு முன்னால் நின்றார். விரலால் தொட்டுப் பார்த்தார். டிவி ஆணி இருந்த இடத்திலேயே தொட்டார், ஒன்றும் தெரியவில்லை. இந்தப் பச்சையின் பெயர் என்ன, தங்கள் ஹோலுக்குச் சரிவருமா என்று கேட்டார். சிவப்பு அலுத்துவிட்டதாம்.

எனக்கு உச்சி குளிர்ந்தது. பையிலிருந்து நிற அட்டையை எடுத்தேன். ஆனால் படித்த பாடத்தை மறக்கவில்லை.

“அன்ரி, முதல்ல ஒண்டு சொல்லுங்கோ. போன் எங்கை வைக்கிறனீங்கள்?”

ராணி அன்ரி யன்னலால் வெளியே பார்த்தார். அடுப்பு இன்னும் பற்றவில்லை. சத்தம் பற்றியிருந்தது.

“போனை விடு பிள்ளை,” என்றார். “இவரை எங்கை வைக்கலாம் எண்டு சொல்லு.”